வரவும் செலவும்: கணிப்பானிடம் கேட்கும் முன்

‘கட்டுப்படியாகுமா?’ என்று நம் மக்கள் ஒரே சொல்லில் கேட்டுவிடும் கேள்விக்கு மேனாட்டார் ஒரு தனிக் கணக்கே வகுத்திருக்கின்றனர். விற்று வந்த பணமும் அதற்கு ஆன செலவும் சரிக்குச் சரியாக நின்று, இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்னும் நிலை எங்கே வருகிறது என்று காட்டுவது அக்கணக்கு. 1903-ஆம் ஆண்டிலேயே ஹென்றி ஹெஸ் என்னும் பொறியியலறிஞர், செலவுக் கோடும் வரவுக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் படமாக வரைந்து காட்டினார். பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் ரௌட்டன்ஸ்ட்ராக் அம்முறையைப் பரப்பினார். அவ்வெட்டும் இடத்துக்கு ‘பிரேக்-ஈவன்’ புள்ளி என்று பெயர். நாம் அதனைக் கட்டுப்படிப் புள்ளி என்றே இங்கே வழங்குவோம்.

இன்று அப்படத்தை வரையக் காகிதமும் அடிக்கோலும் வேண்டுவதில்லை. கைப்பேசியில் தேடினால், இக்கணக்கைப் போட்டுத் தரும் கணிப்பான்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அத்தகைய கணிப்பான் ஒன்று தந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு, டோம்பிவிலியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். “கணக்கு வந்துவிட்டது, இனித் துணிந்து இறங்கலாமா?” என்பது அவர் கேள்வி. இக்கேள்வி ஏதோ ஒரு வடிவில் நம் இல்லங்கள் பலவற்றில் எழுவதாகையால், அன்பரின் பெயரை மட்டும் விடுத்து, அவர் கணக்கையே இத்திங்களுக்குரிய பொருளாகக் கொள்கிறோம்.

அன்பருக்கு அகவை 52. தனியார் நிறுவனம் ஒன்றில் பணி. அவர்தம் மனைவியார் சில ஆண்டுகளாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோப் பொட்டலமாகக் கட்டி, அக்கம்பக்கத்தாருக்கு விற்று வருகிறார். நாள் ஒன்றுக்கு 30 பொட்டலம் போகிறது. வாங்குவோரில் நம்மவரைவிட மராட்டியரும் குசராத்தியருமே மிகுதி என்று அன்பர் பெருமையோடு எழுதுகிறார். பெருமைப்பட வேண்டியதுதான். ஆயின் இப்போது அவர் எண்ணுவது வேறு: வேலையை விட்டுவிட்டு, இரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, கணவனும் மனைவியுமாக இதனையே தொழிலாக்குவது. கடைக்கு முன்பணம் 2 லட்ச ரூபாய். பெரிய கிரைண்டர், குளிர்ப்பெட்டி, பொட்டலம் ஒட்டும் பொறி ஆகியவற்றுக்கு 3 லட்சம். ஐந்து லட்சமும் சேமிப்பிலிருந்து வரவேண்டும். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

கணிப்பான் என்ன கேட்கிறது? மூன்றே மூன்று கேள்விகள். விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் கொடுத்தே தீரவேண்டிய நிலைச்செலவு எவ்வளவு? ஒரு பொட்டலத்தின் விலை என்ன? ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கூடிக்கொண்டே போகும் மாறுஞ்செலவு எவ்வளவு? விலையிலிருந்து மாறுஞ்செலவைக் கழித்தால், ஒரு பொட்டலம் தன் பங்காகக் கடையின் பொதுச்செலவுக்குக் கொடுப்பது எவ்வளவென்று தெரியும். நிலைச்செலவை அப்பங்கினால் வகுத்தால் கட்டுப்படிப் புள்ளி வந்துவிடும். உள்ளே நடப்பது இவ்வளவே. நாலாம் வகுப்புப் பிள்ளை போடும் வகுத்தற்கணக்கு.

அன்பர் கொடுத்த எண்கள் இவை. கடை வாடகை ரூ. 18,000, உதவியாள் சம்பளம் ரூ. 12,000, மின்சாரம் ரூ. 3,000, சில்லறைச் செலவு ரூ. 1,000, ஆக நிலைச்செலவு ரூ. 34,000. பொட்டலத்தின் விலை ரூ. 70. மாறுஞ்செலவை அம்மையார் மிக நேர்த்தியாகக் கணக்கிட்டிருக்கிறார்: ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ரூ. 82, அதிலிருந்து இரண்டே முக்கால் கிலோ மாவு, கிலோவுக்கு ரூ. 30. உறை, வெந்தயம், உப்பு, அரைக்கும் மின்சாரம் எல்லாம் ரூ. 6. மொத்தம் ரூ. 36. எனவே ஒரு பொட்டலம் கொடுக்கும் பங்கு ரூ. 34. முப்பத்து நாலாயிரத்தை முப்பத்து நாலால் வகுத்துக் கணிப்பான் ‘1,000’ என்று விடை காட்டியது. நாளைக்கு 34 பொட்டலத்துக்கும் குறைவு. வீட்டிலிருந்தபடியே 30 விற்கிறவருக்குக் கடைத்தெருவில் 34 விற்பது ஒரு பெரிய காரியமா என்று அன்பர் கேட்கிறார்.

வகுத்தலில் பிழையில்லை. பொறியிடம் கேட்ட கேள்விக்குப் பொறி சரியாகவே விடை சொல்லியிருக்கிறது. ஆனால் அது கேட்காமலே விட்ட கேள்விகள் பல. அவற்றை அன்பரும் தாமாக எழுப்பிக்கொள்ளவில்லை.

முதலாவது, உழைப்பு. கடையில் காலை நான்கு மணி முதல் நிற்கப்போகிறவர்கள் இருவர். அவ்விருவரின் கூலி அக்கணக்கில் எங்கேயும் இல்லை. ‘நம் உழைப்புக்கு நாமே கூலி கொடுப்பதா?’ என்று கேட்பவர் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும். அவர்கள் நிற்காத நாளில் அவ்விடத்தில் வேறோர் ஆளை நிறுத்தினால் அவருக்கு என்ன கொடுக்க வேண்டுமோ, அதுதான் கூலி. நம் குடும்பத் தொழில்களில் பெரும்பாலும் மறைந்து போகும் செலவு இதுவே; அதிலும் இல்லத்தரசியின் உழைப்பு. எட்டு மணி நேரம் அரைத்துக் கட்டும் கைகளுக்கு விலையே இல்லை என்று வைத்துக்கொண்டால், எந்தத் தொழிலும் இலாபமாகத்தான் தோன்றும். இருவருக்கும் சேர்த்து ரூ. 25,000 என்று மிகச் சிக்கனமாகவே வைப்போம். நிலைச்செலவு ரூ. 59,000 ஆகிறது.

அடுத்தது, முதல். ஐந்து லட்சம் வங்கியில் கிடந்தால் நூற்றுக்கு ஏழு வட்டி என்று கொண்டாலும் ஆண்டுக்கு ரூ. 35,000 வரும், மாதத்துக்கு ஏறத்தாழ ரூ. 2,900. கடையில் போட்ட பணம் அவ்வட்டியை இழக்கிறது. வெளியாரிடம் வாங்கிய கடனுக்கு வட்டி எழுதுகிறவர், தம் சொந்தப் பணத்துக்கு வட்டி எழுத ஏனோ கூசுகிறார். இயந்திரங்களோ தேய்பவை. 3 லட்ச ரூபாய்ப் பொறிகள் ஐந்து ஆண்டு உழைக்குமென்றால் மாதத்துக்கு ரூ. 5,000 தேய்மானம். பம்பாய்ப் பக்கத்தில் கடை வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கென்று எழுதப்பட்டு, புதுப்பிக்கும்போதெல்லாம் தரகருக்கு ஒரு மாத வாடகை தருவதாயிருந்தால், அதற்கும் மாதத்துக்கு ரூ. 1,600 ஒதுக்க வேண்டும். இவையெல்லாம் சேர, நிலைச்செலவு ரூ. 68,500. அன்பர் எழுதியதற்கு இஃது இரட்டிப்பு.

இனி மாறுஞ்செலவுக்கு வருவோம். மாவு வியாபாரத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. வீட்டில் சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் அரைப்பதால் மிச்சமே இல்லை. கடையில் அவ்வாறு நடவாது. யார் வருவார் என்று தெரியாமலே அரைத்து வைக்க வேண்டும். மாவோ நமக்காகக் காத்திராது. மே மாதத்து வெக்கையில் மாலைக்குள் பொங்கிப் பையை உப்பச் செய்யும். மழைக்காலத்துக் குளிரில் புளிக்கவே நேரமாகும். மூன்றாம் நாள் எவரும் தொடமாட்டார். நூறு பொட்டலம் அரைத்தால் எட்டு வீணாகும் என்று கொள்வோம். நூற்றுக்கு ஆன ரூ. 3,600 செலவை விற்ற 92-இன் தலையில் ஏற்றினால், பொட்டலத்துக்கு 36 என்பது 39 ஆகிறது.

விலையும் ரூ. 70 ஆக நிற்காது. கடைக்கு வந்து வாங்குவோர் பாதியென்றும், மளிகைக் கடைகளுக்குப் போடுவது பாதியென்றும் அன்பரே எழுதுகிறார். மளிகைக்காரர் 70 ரூபாய்க்கு விற்க வேண்டுமானால் அவருக்கு 58 ரூபாய்க்கு அன்றோ கொடுக்க வேண்டும்? சராசரி விலை ரூ. 64. செலவு 39 போக, பொட்டலம் கொடுக்கும் பங்கு ரூ. 25.

இவ்வெண்களைக் கணிப்பானில் இட்டுப் பார்த்தோம். 68,500-ஐ 25-ஆல் வகுக்க, 2,740. நாளைக்கு 91-க்கு மேல்.

ஆயிரம் எங்கே, இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது எங்கே! கணிப்பான் அதுவேதான், பொத்தானும் அதுவேதான். முதலில் இட்டவை மகிழ்ச்சியோடு எழுதிய எண்கள். பின்னர் இட்டவை பொறுமையோடு எழுதியவை.

இவ்விடத்தில் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்லிவிட வேண்டும். நிலைச்செலவை மாதக் கணக்கில் எழுதினால் எல்லாவற்றையும் மாதக் கணக்கிலேயே எழுதுக. ஆண்டுக் காப்பீட்டுத் தொகையையும் மாத வாடகையையும் கலந்து இட்டாலும் பொறி மறுப்புச் சொல்லாமல் ஒரு விடையைத் தந்துவிடும். விற்பனை விலையில் சரக்கு சேவை வரி அடங்கியிருந்தால், அதனைக் கழித்த விலையே உமக்குரிய விலை. உணவை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் நிறுவனங்களின் வழியாக விற்போர், அவர்கள் பிடித்துக்கொள்ளும் கழிவை நிலைச்செலவில் அன்று, ஒவ்வொரு விற்பனையோடும் வளரும் மாறுஞ்செலவில் எழுத வேண்டும். டாலர்க் குறி போட்ட அயல்நாட்டுக் கணிப்பானாயினும் அஞ்ச வேண்டாம், எண்ணுக்கு நாடில்லை. ஆனால் விடையைக் காட்டுமுன் உம் கைப்பேசி எண்ணையும் வருமானத்தையும் கேட்கும் கணிப்பான் கடன் விற்கும் கடையின் வாசற்படியாக இருக்கக்கூடும். அதனை மூடிவிட்டு வேறொன்றைத் திறப்பது நலம். வகுத்தல் செய்ய எவரும் உம் முகவரி கேட்க வேண்டியதில்லை.

கணிப்பானின் மெய்யான பயன் ஒரே ஒரு விடையைப் பெறுவதில் இல்லை. எண்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்பதில் இருக்கிறது. காகிதத்தில் பத்து முறை போடச் சலிக்கும், பொறிக்குச் சலிப்பில்லை. அன்பரின் கணக்கையே அவ்வாறு அசைத்துப் பார்த்தோம். வாடகையில் நாலாயிரம் குறைத்துப் பேசினால் புள்ளி 2,580-க்கு இறங்குகிறது. விலையைச் சராசரியில் நாலே ரூபாய் உயர்த்த முடிந்தால் 2,362-க்கு இறங்குகிறது. எனவே வாடகைக்காக ஒரு மாதம் அலைவதைக் காட்டிலும், பொட்டலத்துக்கு நாலு ரூபாய் கூடுதலாகப் பெறும் தரத்தை நிலைநிறுத்துவது மேலென்று தெரிகிறது. உளுந்து கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினாலோ, புள்ளி 3,262-க்குப் போய்விடுகிறது. கால் கிலோ உளுந்துதானே என்று எண்ணியிருந்தோம்! 2015-ஆம் ஆண்டில் பருப்பு வகைகள் ஏறிய ஏற்றத்தை நம் இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

மற்றொன்று, சராசரி என்னும் மாயம். நாளைக்கு 110 பொட்டலம் போகும் என்று அன்பர் நம்புகிறார். 91-க்கு மேலே 19 பொட்டலம் காப்பாக நிற்கிறது. ஆனால் மே மாதம் வந்தால் நம்மவர் பாதிப்பேர் பிள்ளைகளோடு ஊருக்கு இரயிலேறிவிடுகிறோம். குசராத்தியக் குடும்பங்களும் விடுமுறைக்குப் போகின்றன. விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்து 73 ஆனால், அம்மாதத்தில் மட்டும் ரூ. 13,750 கையைக் கடிக்கும். வாடகைக்காரர் ஊருக்குப் போவதில்லை.

இன்னும் ஒரு கேள்வியைப் பொறி கேட்பதேயில்லை: இவ்வளவையும் உம்மால் அரைக்க முடியுமா? 91 பொட்டலம் விற்க வேண்டுமானால், வீணாவதையும் சேர்த்து 99 கிலோ அரைக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துக் கிலோ, நாற்பது நிமிடம் என்று கொண்டால் பத்துத் தடவை. ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஊறவைத்தல், கழுவுதல், கட்டுதல் வேறு. ஓர் உதவியாளால் ஆகாது. இரண்டாமவர் வந்தால் நிலைச்செலவு ரூ. 12,000 கூடி, புள்ளி 3,220-க்கு நகர்ந்துவிடும். ஏணியில் ஏற ஏற, ஏணியின் உச்சியும் மேலே போவது போன்றது இது. கணிப்பான் வரையும் நிலைச்செலவுக் கோடு நேராகக் கிடக்கிறது. உலகத்து நிலைச்செலவோ படிப்படியாக எழுகிறது.

இனி, அன்பர் நம்மிடம் கேளாத ஒரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அஃது அவர் இப்போது நடத்தும் வீட்டுத் தொழிலின் கணக்கு. வாடகையில்லை, உதவியாளில்லை. அம்மையாரின் கூலியாக ரூ. 15,000, மின்சாரம் ரூ. 1,200, கிரைண்டர் தேய்மானம் ரூ. 800, நிலைச்செலவு ரூ. 17,000. வீணில்லாததால் பங்கு ரூ. 34. புள்ளி 500. அவர் விற்பதோ மாதம் 900. கூலி போக மிச்சம் ரூ. 13,600, கூலியும் சேர்ந்தால் ரூ. 28,600. இவ்வளவையும் ஓர் அம்மையார் சமையலறையின் ஒரு மூலையிலிருந்து, கடனின்றி, தரகரின்றி ஈட்டிக்கொண்டிருக்கிறார். அன்பரின் கடிதத்தில் இத்தொகை ஓரிடத்திலும் குறிக்கப்படவில்லை என்பது நமக்கு வியப்பாகவே இருந்தது.

புதுக்கடையில் ஓர் உதவியாளோடு நாளைக்கு 100 பொட்டலம் போனால், கூலி ரூ. 25,000-உம் மிச்சம் ரூ. 6,500-உம் சேர்ந்து ரூ. 31,500 வரும். வீட்டில் வருவதைவிட ரூ. 2,900 மிகுதி. இந்த ரூ. 2,900-க்காகக் கொடுப்பவை அன்பரின் மாதச் சம்பளமும், இருவரின் முழுநாளும், ஐந்து லட்சத்தின் பாதுகாப்பும்.

அன்பரின் சம்பளத்தை ரூ. 30,000 என்றே கொண்டு, இப்போதைய குடும்ப வருமானத்தைக் கடையே தரவேண்டுமானால் எத்தனை விற்க வேண்டுமென்று பார்க்கலாம். நல்ல கணிப்பான்களில் ‘வேண்டும் இலாபம்’ என்று நான்காவது கட்டம் ஒன்றிருக்கும், அது இதற்காகத்தான். வீட்டு வருமானம் ரூ. 28,600, சம்பளம் ரூ. 30,000, கூட்டினால் ரூ. 58,600. கடைக்கணக்கில் ஏற்கெனவே எழுதிய கூலி ரூ. 25,000 போக, மேலும் வேண்டுவது ரூ. 33,600. இரண்டாவது உதவியாளையும் சேர்த்துக் கணக்கிட்டால், விடை மாதம் 4,564, நாளைக்கு 152. அவ்வளவு விற்க 165 கிலோ அரைக்க வேண்டும். ஒரே கிரைண்டர் பதினோரு மணி நேரம் ஓயாமல் சுழல வேண்டும்.

முப்பத்து நாலில் தொடங்கிய கணக்கு நூற்றைம்பத்திரண்டில் வந்து நிற்கிறது. அன்பரின் குடும்பத்துக்குரிய கட்டுப்படிப் புள்ளி இதுவே. கடைக்கு மட்டும் உரிய புள்ளி 91 ஆக இருக்கலாம்.

இதனைக் கண்டு, கடையே வேண்டாமென்று நாம் தடுப்பதாக எவரும் கொள்ளற்க. தாராவியில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் விடியுமுன் இட்லி அவித்து, நகரெங்கும் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் கொண்டுபோய் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. நாளைக்கு 152 பொட்டலம் விற்கும் மாவுக் கடைகள் இந்நகரில் இல்லாமலில்லை. கேள்வி, அவ்வளவு விற்கும் என்பதற்கு இன்று என்ன சான்று என்பதே. அதற்குக் கணிப்பானில் விடையில்லை, தெருவில் இருக்கிறது. அன்பர் வேலையை விடாமலே, அடுத்த இரண்டு திங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மூன்று மளிகைக் கடைகளுக்கு நாளைக்குப் பத்துப் பத்துப் பொட்டலமாகப் போட்டுப் பார்க்கட்டும். கூடுதலாக அரைக்க ஒரு கூலியாளைச் சில மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். மளிகைக்காரர் உண்மையில் என்ன விலைக்கு எடுக்கிறார், எத்தனை திரும்பி வருகிறது, ஞாயிறன்று எத்தனை, புதனன்று எத்தனை என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதட்டும். அறுபது நாள் எழுதிய அந்நோட்டிலிருந்து எடுத்த எண்களைக் கணிப்பானில் இட்டால், வரும் விடையை நம்பலாம். வங்கியில் தொழிற்கடன் கேட்கும்போதும், திட்ட அறிக்கையில் இப்புள்ளியைக் குறிக்கச் சொல்வதுண்டு. அப்போதும் அந்நோட்டே துணைக்கு வரும்.

அந்த இரண்டு மாதத்தில் இன்னொன்றும் தெரிந்துவிடும். மளிகைக்காரர் பணத்தை அன்றன்று கொடுக்கிறாரா, பதினைந்து நாள் கழித்துக் கொடுக்கிறாரா? கட்டுப்படிக் கணக்கில் விற்றவுடன் வரவு எழுதிவிடுகிறோம். பெட்டியில் பணம் விழுவதோ வேறு நாளில். மாதம் 2,740 பொட்டலத்தில் பாதி கடன் சரக்காகப் போய்ப் பதினைந்து நாள் வெளியே நின்றால், ஏறத்தாழ ரூ. 40,000 எப்போதும் பிறர் கையில் இருக்கும். அன்பரின் ஐந்து லட்சத்தில் இந்த நாற்பதாயிரம் சேரவில்லை. கடன் சரக்கையும் கைப்பணத்தையும் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம். அன்பர் தம் நோட்டின் முதற் பக்கங்களை அனுப்பி வைத்தால், அவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.